ராத்திரி ஒன்பதரை மணிக்கு வீடு எவ்வளவு தூரம்?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறேன், எந்த ஏரியா நல்லது என்று யார் கேட்டாலும் நான் ஏரியா பெயர் சொல்வதில்லை. ஆபீஸ் எங்கே என்று கேட்பேன். அப்புறம், ராத்திரி ஒன்பதரை மணிக்கு ரயிலையோ பஸ்ஸையோ விட்டு இறங்கினால் அங்கிருந்து வீட்டு வாசல் வரைக்கும் எப்படிப் போவீர்கள் என்று கேட்பேன். வாடகை கட்டுப்படியாகுமா, இடம் பாதுகாப்பானதா, தினமும் போய்வர உடம்பு தாங்குமா என்று மூன்று தனித்தனிக் கேள்விகளோடு வருகிறார்கள். மூன்றுக்கும் பதில் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் இருக்கிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

போன வருடம் கோவில்பட்டியிலிருந்து என் சித்தி மகள் வேலை கிடைத்து வந்தாள். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. மாதத்தில் பாதி நாள் பகல் வேலை, மீதி நாள் இரவு ஒன்பது மணி வரைக்கும். கல்லூரித் தோழி ஒருத்தியோடு சேர்ந்து வீடு எடுப்பதாகத் திட்டம். இரண்டு பேருமே மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள். "பாதுகாப்பான இடமா பாத்துக் கொடும்மா, வாடகை கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல" என்று சித்தி போனில் சொன்னாள். வாடகை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது ஊரில் இருப்பவர்களின் கணக்கு. சென்னையில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வாசலில் செக்யூரிட்டி, கேமரா, லிப்ட் எல்லாம் உள்ள அடுக்குமாடியில், நல்ல வாடகை கொடுத்து இருக்கலாம். ஆனால் மெயின் ரோட்டிலிருந்து அந்த கேட் வரைக்கும் இரண்டு பக்கமும் காலி மனை, முள்செடி, எரியாத விளக்கு என்றால், அந்தச் செக்யூரிட்டி நமக்கு எந்த விதத்திலும் உதவப்போவதில்லை.

அதனால் ஏரியாவுக்கு முன்னால் ரயில் லைனைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. நகரம் தெற்கே வளர்ந்ததே பெரும்பாலும் இந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான். மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பழவந்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கோயிலும் உண்டு. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தூரத்துக்கு டிக்கெட் 10 ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. இந்த நகரத்தில் மாதச் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் உண்மையான சலுகை என்று நான் இதைத்தான் சொல்வேன். காலை நேரத்தில் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் சில நிமிடத்துக்கு ஒரு வண்டி உண்டு. மேம்பாலத்தில் நெரிசலா, ரோட்டில் பள்ளம் தோண்டியிருக்கிறார்களா என்ற கவலை இல்லை. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஏறக்குறைய 25 நிமிடம் என்றால் மழை நாளிலும் பெரும்பாலும் அதே நேரம்தான். மழை ரொம்பப் பெரிதானால் ரயிலும் நிற்கும். ஆனால் அப்படிப்பட்ட நாளில் ஆபீஸும் நிற்கும்.

ரோட்டை மட்டும் நம்பியிருக்கும் இடங்களில் இந்த நிச்சயம் கிடையாது. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகச் சாலையின் நடுவே தடுப்பு வைத்த பிறகு, சோழிங்கநல்லூரிலிருந்து திருவான்மியூர் வருவதற்கு ஒரு நாள் ஆகும் நேரம் மறுநாள் ஆவதில்லை. வேலை முடிந்து மெட்ரோ ஓடும்போது அந்தப் பக்கத்து நிலைமை நிச்சயம் மாறும். ஆனால் வரப்போகும் மெட்ரோவை நம்பி இன்றைக்கு அதிக வாடகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். விளம்பரத்தில் 'மெட்ரோ அருகில்' என்று எழுதியிருந்தால், ஓடுகிற மெட்ரோவா, தோண்டிக்கொண்டிருக்கிற மெட்ரோவா என்று கேட்டுவிடுங்கள்.

சித்தி மகளுக்கு முதலில் பிடித்தது மேடவாக்கத்தில் ஒரு வீடு. "அக்கா, புது வீடுக்கா. டபுள் பெட்ரூம். பழவந்தாங்கல்ல சொன்ன சிங்கிள் பெட்ரூமைவிட ரெண்டாயிரம் கம்மி" என்று போட்டோ அனுப்பினாள். வீட்டில் ஒரு குறையும் இல்லை. நல்ல வெளிச்சம், கிணறு வேறு இருந்தது. சரி, கிண்டிக்குப் போகும் வழியைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடை, அங்கிருந்து வேளச்சேரி வரைக்கும் பஸ் அல்லது ஷேர் ஆட்டோ, வேளச்சேரியில் இறங்கி இன்னொரு பஸ். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அதனால் பகலில் பணம் ஒரு பிரச்சினையே இல்லை, நேரம்தான் பிரச்சினை. பள்ளிக்கரணையிலிருந்து வேளச்சேரி வரைக்கும் காலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். இரவு ஒன்பது மணிக்கு வேலை முடியும் நாட்களில் பணமும் பிரச்சினையாகிவிடும். பஸ் குறைந்துவிடும், ஷேர் ஆட்டோ ஆள் சேரும் வரைக்கும் நிற்கும், கடைசியில் செயலியில் ஆட்டோ போட வேண்டியிருக்கும். அந்தப் பாதி மாத ஆட்டோச் செலவை எழுதிப் பார்த்ததும் மிச்சம் என்று நினைத்த 2,000 ரூபாய் காணாமல் போய், மேற்கொண்டு கையிலிருந்து போட வேண்டிவந்தது. தினமும் கூடுதலாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ரோட்டில். அந்த நேரத்துக்கு நாம் விலை போடுவதே இல்லை. தூக்கத்திலிருந்தும் சமையலிலிருந்தும்தான் அது பிடுங்கப்படுகிறது. முதலில் காலைச் சாப்பாடு நிற்கும், பிறகு உடம்பு படுத்தும்.

மேடவாக்கம் மோசம் என்று நான் சொல்லவில்லை. சோழிங்கநல்லூரிலோ பெரும்பாக்கம் மருத்துவமனைப் பக்கமோ வேலை என்றால் அதே வீட்டை உடனே எடுக்கச் சொல்லியிருப்பேன். நல்ல ஏரியா என்று தனியாக ஒன்று இல்லை, உங்கள் ஆபீஸுக்கும் வேலை நேரத்துக்கும் பொருந்துகிற ஏரியா என்றுதான் உண்டு.

புரோக்கர்களும் வீட்டுக்காரர்களும் சொல்லும் தூரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்தாம்மா" என்பார்கள். அது பைக்கில் அஞ்சு நிமிஷம். நடந்தால் இருபது. அதனால் வீடு பார்க்க நாங்கள் பகலில் ஒரு தடவையும் இருட்டிய பிறகு ஒரு தடவையும் போவது என்று வைத்துக்கொண்டோம். இரவில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போவோம். வண்டியில் போனால் எதுவும் தெரியாது. எந்தக் கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கிறது என்பது எனக்கு முக்கியம். ஒன்பதரை மணிக்கு ஒரு மருந்துக்கடை, ஒரு டிபன் கடை, ஒரு பழ வண்டி, ஒரு ஆட்டோ ஸ்டாண்ட் இருந்தால் அந்தத் தெருவில் ஒரு பெண் தனியாக நடக்கலாம். யாராவது பின்னால் வந்தால் நின்று திரும்பிப் பார்க்க ஒரு வெளிச்சமான இடம் இருக்கும். டாஸ்மாக் கடை வழியில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. மூடும் நேரத்துக்கு முன்னால் அந்த வாசலில் சேரும் கூட்டமும், நாம் வீடு திரும்பும் நேரமும் ஒன்றாகத்தான் வரும். அந்தக் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து இன்னொரு வழி இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் அந்த வீடு வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடு என்பதும் சாதாரண விஷயம் இல்லை. குரோம்பேட்டையில் ராதா நகர்ப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால், சுரங்கப்பாதை வேலை எத்தனை வருடம் இழுத்தது என்று சொல்வார்கள். கடக்க வழியில்லாத இடத்தில் மக்கள் தண்டவாளத்தில் இறங்கி நடக்கிறார்கள். அப்படி நடந்து உயிர் போன செய்திகள் இந்த லைனில் ஓய்வதே இல்லை. ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கும் அந்தக் குறுக்கு வழியை 'ஸ்டேஷனுக்குப் பக்கம்' என்ற கணக்கில் சேர்க்கவே கூடாது. படியேறி, மேம்பாலத்திலோ சுரங்கப்பாதையிலோ கடந்து வரும் நேரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சுரங்கப்பாதைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பெரிய மழையில் முதலில் மூடப்படுவது அதுதான். தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றுப்பக்கம் முழுக்க ஸ்தம்பித்துவிடும்.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்காமல் சென்னையில் வீடு பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதற்றமாக இருக்கும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்தில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. தெற்குச் சென்னையின் எத்தனையோ ஏரிகளிலிருந்து வழியும் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலில் சேர வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடமாகவும் ரோடாகவும் குப்பைக் கிடங்காகவும் மாறிவிட்டது. 2022-ல் அதற்கு ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம், என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் இழந்த பரப்பு இழந்ததுதான். தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் வருகிறது. நாம்தான் அங்கே வீடு கட்டி வாடகைக்கும் விட்டிருக்கிறோம்.

வீட்டுக்காரரிடம் "இங்க தண்ணி வருமா சார்?" என்று கேட்டால் "நம்ம தெருவுக்கு வராதும்மா" என்ற பதில்தான் வரும். அதனால் நான் அவரைக் கேட்பதில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேட்பேன். ஆவின் பூத்தில் கேட்பேன். மளிகைக் கடைக்காரரிடம், "2015-ல எதுவரைக்கும் வந்துச்சுங்க? மிக்ஜாமுக்கு?" என்று கேட்டால், "இதோ இந்த ஷட்டர்ல பாதி வரைக்கும்" என்று கையை வைத்தே காட்டுவார். மூட்டை மூட்டையாக அரிசி நனைந்து நஷ்டப்பட்டவருக்கு அது மறக்காது. காம்பவுண்டுச் சுவரில் வண்டல் கறை ஒரே உயரத்தில் கோடாகத் தெரிகிறதா, ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டதா, மின் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரோட்டை உயர்த்துவதற்கு முன்னால் கட்டிய பழைய வீடுகளில் தரைத்தளம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் யோசிக்க வேண்டும். முதல் மாடி எடுத்தால் உள்ளே தண்ணீர் வராது. ஆனால் நான்கு நாள் கரண்ட் இல்லாமல், மோட்டார் ஓடாமல், கீழே இறங்க முடியாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும்.

மழைக்காலத்தைக் கேட்டது போலக் கோடையையும் கேட்க வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு தெருவில் ஊரே நின்றது. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) லைன் இருக்கிறதா, இருந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா, சம்ப் எவ்வளவு பெரியது, மே மாதத்தில் லாரி வாங்கினால் காசு யார் கொடுப்பது என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

இப்போது பாதுகாப்பு என்ற வார்த்தைக்கு வருகிறேன். சென்னையில் 'சேஃப் ஏரியா' என்று சொல்வதற்குள் நிறைய விஷயம் ஒளிந்திருக்கிறது. கண்ணகி நகர் என்றால் முகம் சுளிப்பவர்களை எனக்குத் தெரியும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களிலும் நகரத்தின் நடுவிலும் இருந்த குடிசைப்பகுதிகளிலிருந்து ஆட்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் அது. பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்திலிருந்து இன்னும் நிறையக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். வீடு கிடைத்தது, வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனது. மயிலாப்பூரிலும் ராயப்பேட்டையிலும் நாலு வீட்டில் சமையலும் பாத்திரமும் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் விடியற்காலைப் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. எத்தனையோ பேர் அந்த வேலையை விட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றது. வாடகை இல்லாத வீடுகூட, போய்வர வழியில்லையென்றால் கட்டுப்படியாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. நமக்கு ஏரியாவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. அவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்காமல், அதன் பிறகு அந்த இடத்துக்குக் கெட்ட பெயரையும் நாம்தான் வைத்தோம். முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தால் வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்கே வளர்ந்த பிள்ளைகள் சொல்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா அந்தக் கண்ணகி நகர்ப் பெண்தான். அவருடைய வெற்றியை அந்த நகரே தெருவில் இறங்கிக் கொண்டாடியது.

வட சென்னைக்கும் இதே கதிதான். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்றாலே தெற்கிலிருந்து பார்ப்பவர்கள் கையை உதறிவிடுவார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடுகிறது. சென்ட்ரல் பக்கத்திலோ பாரிமுனையிலோ வேலை என்றால் திருவொற்றியூரிலிருந்து போய்வருவது குரோம்பேட்டையிலிருந்து போய்வருவதைவிட எளிது. இரவு பத்து மணிக்கும் கலகலவென்று இருக்கும் தெருக்கள் அங்கே உண்டு. எண்ணூரை நெருங்க நெருங்கத்தான் யோசிக்க வேண்டும். காரணம் அங்குள்ள மனிதர்கள் இல்லை, தொழிற்சாலைகள். 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் எண்ணெய்க் கசிவையும் அமோனியாக் கசிவையும் அந்த மக்கள் அனுபவித்தார்கள். மூச்சுத்திணறலோடு நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியவர்களுக்கு அதுவும் பாதுகாப்புப் பிரச்சினைதான்.

எந்த ஏரியாவும் அதன் பெயராலேயே பத்திரமாகிவிடாது என்பதற்கு நுங்கம்பாக்கத்தைச் சொல்ல வேண்டும். 2016 ஜூனில், ரயிலுக்குக் காத்திருந்த ஒரு இளம்பெண் காலை நேரத்தில், ஆட்கள் நிற்கும் பிளாட்பாரத்தில் வைத்துக் கொல்லப்பட்டார். நகரத்தின் வசதியான பகுதிகளில் ஒன்று அது. அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் கேமரா இல்லை. அதற்குப் பிறகுதான் ரயில் நிலையங்களில் கேமரா வைப்பது பற்றிப் பெரிய பேச்சு எழுந்தது. ஏரியாவின் மதிப்பைவிட ஸ்டேஷனின் விளக்கும் கேமராவும் ஆளும்தான் தினமும் அந்த வழியில் போகிறவளுக்கு முக்கியம்.

வீடு தேடும்போது இன்னொரு சுவர் இருக்கிறது. "யாரு என்ன ஆளுங்க?" என்ற கேள்வி. சில வீடுகளில் இதை நேராகக் கேட்டார்கள். சில வீடுகளில் "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று ஆரம்பித்து அங்கே வந்து சேர்ந்தார்கள். சித்தி மகளின் தோழி முஸ்லிம் பெண். பெயரைக் கேட்டதும் "நேத்தே இன்னொருத்தருக்குச் சொல்லிட்டோம்மா" என்றார் ஒரு வீட்டம்மா. டூலெட் போர்டு அடுத்த வாரமும் அந்த கேட்டில் தொங்கியது. இரண்டு பெண்கள் தனியாக இருப்பதே சிலருக்குப் பிரச்சினை. "ஃபேமிலிக்குத்தான் குடுப்போம்." இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்புவார்கள் என்று சொன்னதும் கதவு பாதி சாத்தப்படும். யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர்களைத்தான் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து தள்ளித் தள்ளி, விளக்கில்லாத தெருவுக்கு அனுப்புகிறோம். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. வாடகை கொடுக்க வக்கிருந்தும் வீடு மறுக்கப்படுவது இந்த நகரத்தில் தினமும் நடக்கிறது, அதைப் பற்றி ரியல் எஸ்டேட் விளம்பரங்களில் ஒரு வரி கிடையாது.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது நீண்ட காலப் பழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதமாகக் குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தைச் சொல்லிப் பேசினால் எல்லா வீட்டுக்காரரும் இறங்கிவரமாட்டார்கள். ஆனால் பேச்சை ஆரம்பிக்க அது ஒரு பிடி. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதிவிடுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்று பாருங்கள். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடைக்கும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. 1,000 ரூபாய் குறைவான வாடகை இப்படியே சமமாகிவிடும்.

எங்கள் தேடலில் கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சின. பெருங்களத்தூரில் ஸ்டேஷனிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி ஒரு டபுள் பெட்ரூம். பழவந்தாங்கல் ஸ்டேஷனிலிருந்து நங்கநல்லூர்ப் பக்கம் நடக்கும் தூரத்தில், பழைய வீட்டின் மாடிப் போர்ஷன், சிங்கிள் பெட்ரூம். பெருங்களத்தூருக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருந்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டத்துக்காரர்களுக்கு வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் இருப்பது ஊருக்குப் போக வசதி. வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து கோவில்பட்டி பஸ்ஸைப் பிடிக்க நகரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அறை பெரிது. காற்று நன்றாக வந்தது. ஆனால் தாம்பரத்தைத் தாண்டி வரும் வண்டிகள் குறைவு, இரவில் இன்னும் குறைவு. இறங்கியபின் அந்த இரண்டரை கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ எட்டரை மணி வரைக்கும்தான் என்று ஸ்டாண்டில் நின்ற டிரைவரே சொன்னார். "அதுக்கப்புறம் தனி ஆட்டோதாம்மா, இல்லாட்டி வீட்ல இருந்து யாராச்சும் வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போவாங்க." இவர்கள் வீட்டில் வண்டி எடுத்துக்கொண்டு வர யாரும் இல்லை. ஊருக்குப் போவது மாதத்தில் ஒரு நாள். வேலையிலிருந்து திரும்புவது தினமும்.

பழவந்தாங்கல் கிண்டியிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். ரயில் தவறினால் பஸ், அதுவும் இல்லையென்றால் நங்கநல்லூர் சாலை மெட்ரோ. மூன்று வழி இருப்பது பெரிய நிம்மதி. ஒன்பதரை மணிக்கு நடந்து பார்த்தபோது டிபன் கடையில் கூட்டம் இருந்தது, பூக்கடை திறந்திருந்தது. வீட்டுக்கார அம்மா கீழே இருக்கிறார். கணவர் தவறிய பிறகு தனியாக இருப்பவர். "நீங்க எப்ப வந்தாலும் கேட் தொறக்கற சத்தம் எனக்குக் கேக்கும், பயப்படாம வாங்க" என்றார். என்ன ஆளுங்க என்று கேட்கவில்லை. மேடவாக்கம் வீட்டைவிட 2,000 ரூபாய் கூடுதல் வாடகை, அதைவிடச் சின்ன அறை. மாதச் செலவு மொத்தத்தையும் போட்டுப் பார்த்தால் குறைவு. இரண்டு பேருமே யோசித்துச் சரி என்றார்கள்.

குடிபோன பிறகு தெருமுனையில் ஒரு விளக்கு எரியாமல் இருந்தது. கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைக் குறித்து, மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து புகார் கொடுக்கச் சொன்னேன். கம்ப எண் இல்லாமல் 'எங்க தெருவில லைட்டு எரியல' என்று மட்டும் சொன்னால் வேலை நகராது. வாடகைக்கு இருப்பவர்கள் இந்தப் புகார்களைத் தங்கள் வேலை இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தெருவில் இரவில் நடக்கிறவர்கள் பெரும்பாலும் நாம்தான்.

ஸ்டேஷன் பக்கத்தில் எல்லோருக்கும் வீடு இருக்காது, வாடகையும் ஏறிக்கொண்டே போகும். அதற்கு வழி இருக்கிறது. 2013-ல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் சிற்றுந்துகளை விட்டது, பெரிய பஸ் நுழைய முடியாத உட்தெருக்களை ஸ்டேஷனோடு இணைக்க. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கலாம். டிக்கெட் ஒன்றாகிவிட்டது, நேரம்தான் இன்னும் ஒன்றாகவில்லை. பெருங்களத்தூரில் இரவு பத்தரைக்கு வந்து நிற்கும் ரயிலுக்காக ஒரு சிற்றுந்து காத்திருந்தால், நாங்கள் வேண்டாம் என்று விட்டுவந்த அந்தப் பெரிய வீட்டில் இன்றைக்கு இரண்டு பெண்கள் தைரியமாகக் குடியிருக்கலாம். ரயில் வந்துசேரும் நேரத்தோடு இணைத்து, கடைசி ரயில் வரைக்கும் இந்தச் சின்ன பஸ்களை ஓட்ட வேண்டும் என்று கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் ஸ்டேஷனுக்கும் இதே தேவை இருந்தால் நீங்களும் எழுதிக் கொடுங்கள். எந்த ஸ்டேஷன், எந்த நகர், எத்தனை மணி ரயில் என்று குறிப்பாக.